மயில் நீலம் போன ஊர்

பிரபு,

நீ பெங்களூரில் போய் இறங்கியதும் அப்பாவுக்குப் போன் செய்தாய். அறை வசதியாக இருக்கிறது, சாப்பாடு பரவாயில்லை என்றாய். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். போனை வாங்கி இரண்டு வார்த்தை பேசிவிட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிள்ளை ஊருக்குப் போன வருத்தம் என்று அப்பா உனக்குச் சமாதானம் சொன்னார். வருத்தம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் என்னை ஓரிடத்தில் உட்கார விடாமல் செய்வது அது இல்லை. அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு மாடிக்குப் போகிறேன். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் இறங்கி வருகிறேன். ஆலையில் சாயத்தை நிறுத்துக்கொண்டிருக்கும்போது கை நின்றுவிடுகிறது. போனில் சொல்லலாம்தான். போனில் சொன்னால் நடுநடுவே "சரிம்மா, சரிம்மா" என்பாய். அந்தச் "சரி" விழுந்ததும் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் எழுதுகிறேன். சாவகாசமாக இருக்கிற ஒரு நாளில் முழுதாகப் படி.

நீ கிளம்பிய அன்று காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். உன் வேலை என்னவென்று நான் அதுவரை சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. வெளிநாட்டுத் துணிக் கம்பெனி, நல்ல சம்பளம் என்றதோடு சரி. அன்றுதான் கேட்டேன். "கம்பெனியால எம்புட்டு கரியமில வாயு வெளிய போகுதுன்னு கணக்கு எடுக்கணும்மா. கடையில எரியுற லைட்டு, ஏசி, ஆபீசு, ஆளுக ஏறிப் போற பிளேனு, எல்லாம்" என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. "துணிக்குச் சாயம் போடுற இடத்துல பாய்லர் எரியுதே, அது?" என்று கேட்டேன். நீ சட்னியைத் தொட்டுக்கொண்டே சொன்னாய்: "அது சப்ளையரோடதும்மா. எங்க கணக்குல வராது." உன்னை நான் குற்றம் சொல்லவில்லை. உனக்குச் சொல்லிக்கொடுத்ததை நீ சொன்னாய். ஆனால் நீ சப்ளையர் என்று ஒரே வார்த்தையில் தாண்டிப்போன இடத்தில்தான் உன் அம்மா உன்னைக் கைக்குழந்தையாக வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போன நாளிலிருந்து இன்றுவரை வேலை பார்க்கிறாள். அங்கே என்ன நடந்தது என்று நான் உனக்குச் சொன்னதே இல்லை. வேனிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்தால் உன் பாடம், உன் பரீட்சை, உன் காய்ச்சல் என்று அதற்கே நேரம் சரியாக இருந்தது.

கே.கே. நகர் முக்கில் காலையில் என்னை ஏற்றிக்கொள்ளும் வேன், திண்டுக்கல் ரோட்டில் பரவையைத் தாண்டி, சமயநல்லூரையும் தாண்டி, கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் ஆலையில் இறக்கிவிடும். குளியல் துண்டுகளுக்கும், குளித்துவிட்டுப் போட்டுக்கொள்கிற மேலங்கிகளுக்கும் சாயம் போடுகிற ஆலை. சாயம் போடுவது என்றால் நீ சாயத்தை நினைப்பாய். சாயம் அதில் ஒரு கைப்பிடி அளவுதான். மற்றதெல்லாம் தண்ணீரும் தீயும். நெய்து வருகிற துணி கஞ்சியும் எண்ணெயுமாகப் பழுப்பாக இருக்கும். அதைக் கொதிக்கவைத்துக் கழுவ வேண்டும். பிறகு வெளுக்க வேண்டும். மறுபடி கழுவ வேண்டும். அப்புறம் சாயமும் உப்பும் போட்டுச் சூடேற்ற வேண்டும். துணியில் ஏறாமல் நிற்கிற சாயம் போகும்வரை சோப்புப் போட்டுச் சுடுநீரில் அலசி, பச்சைத் தண்ணீரில் அலசி, திரும்பவும் சுடுநீரில் அலச வேண்டும். அந்தத் தண்ணீரைப் பூமிக்குள்ளிருந்து இழுக்க மோட்டார் ஓட வேண்டும். மோட்டாருக்குக் கரண்ட் வேண்டும். அது எங்கோ நிலக்கரியை எரித்து வருகிறது. தண்ணீரைச் சூடாக்க பாய்லருக்கு விறகு வேண்டும். கரண்ட் போனால் ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். ஒரு துண்டை எடுத்து முகம் துடைக்கிறவருக்கு இதெல்லாம் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. கணக்கு எடுக்கிறவனுக்குத் தெரிய வேண்டும்.

நீ பத்தாவது படித்த சமயத்தில் மழை வரிசையாகப் பொய்த்தது ஞாபகம் இருக்கும். வைகையில் பையன்கள் கிரிக்கெட் விளையாடினார்கள். நம் தெருவில் லாரித் தண்ணீருக்கு அப்பா குடத்தோடு நின்றார். அதே சமயத்தில் ஆலையில் போர்வெல்லை ஆழப்படுத்திக்கொண்டே போனோம். ஆழம் கூடக்கூடப் பெரிய மோட்டார் வைத்தோம். கரண்ட் கூடுதலாகப் போனது. அதுவும் போதாமல் வாடிப்பட்டிப் பக்கமிருந்து டேங்கர் லாரிகளில் தண்ணீர் வாங்கினோம். அந்த லாரிகளுக்கும் டீசல். அப்போது எங்களுக்கு வந்த பெரிய ஆர்டர் எல்லாம் ஒரே கலர். மயில் கழுத்தில் மின்னுமே, அந்த நீலம். பார்க்க அவ்வளவு அழகு. போடுகிறவர்களுக்குத்தான் அதன் சண்டித்தனம் தெரியும். அந்தச் சாயம் துணியில் ஏறுவது குறைவு; மிச்சம் தண்ணீரிலேயே நிற்கும். மற்ற சாயங்களைவிடக் கூடுதலாகச் சூடு கேட்கும். அலசினால் போய்விட்டது போலத் தெரியும். அடுத்த அலசலில் திரும்பவும் நீலமாக இறங்கும். சாயத்தைச் சோதித்துப் பார்க்கிற லேபில் இருந்த நான் ஒவ்வொரு தடவையும் "இன்னொரு வாஷ்" என்று எழுதிக் கொடுப்பேன். கீழே தொட்டியில் சுடுநீரைத் திறந்துவிடுவார்கள்.

அலசிய தண்ணீரைச் சுத்தம் செய்துதான் வெளியே விட்டோம் என்று பெயர். கலர் முழுதாகப் போகவில்லை. வாய்க்காலில் இளநீலமாக ஓடி, தெற்கே இருந்த தோட்டங்களை ஒட்டிக் கண்மாய்க்குப் போனது. அந்தத் தோட்டக்காரர்களில் ஒருத்தி பஞ்சவர்ணம். கீரையும் கொத்தமல்லியும் போட்டு, விடிவதற்குள் பரவை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவாள். என் வயதுதான் இருக்கும். ஆனாலும் என்னை அக்கா என்பாள். தண்ணீரைப் பற்றி ஊரே சேர்ந்து மனு கொடுத்தது. அரசாங்கத்திலிருந்தும் நெருக்கினார்கள். எங்களிடம் துணி வாங்கிய, உன்னுடையது போன்ற இன்னொரு வெளிநாட்டுக் கம்பெனியும், கலர்த் தண்ணீர் ஒரு சொட்டு வெளியே வந்தால் ஆர்டர் கிடையாது என்று கறாராகச் சொல்லிவிட்டது. முதலாளி நல்ல மனிதர், பிரபு. கடன் வாங்கிப் புதுப் பிளான்ட் போட்டார். அழுக்குத் தண்ணீரை அழுத்தத்தில் தள்ளி வடிகட்டித் திரும்ப நமக்கே எடுத்துக்கொள்வது ஒரு பகுதி. வடிகட்ட முடியாமல் உப்பும் சாயமுமாக மிஞ்சுகிற தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கிவிடுவது இன்னொரு பகுதி. அதற்கு எவாப்பரேட்டர் என்று பெயர். அது ஓட ஆரம்பித்த அன்று வாய்க்கால் காய்ந்து கிடந்தது. முதலாளி எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். நானும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, உனக்கென்று ஒன்றைக் கைக்குட்டையில் மடித்துக் கொண்டுவந்தேன்.

கொதிக்கவைப்பது என்றால் எதை எரித்து என்று அன்று யாரும் யோசிக்கவில்லை. நானும்தான். பழைய பாய்லர் போதாமல் இன்னொன்று வைத்தார்கள். இரண்டுக்கும் சேர்த்துச் சீமைக்கருவேல விறகு லாரி லாரியாக வந்தது. அழுத்தம் கொடுக்கிற மோட்டார்கள் கரண்டைக் குடித்தன. கரண்ட் நின்றால் ஜெனரேட்டர் உறுமும். காற்று தெற்கே அடிக்கிற நாட்களில் புகைபோக்கியிலிருந்து கரித்தூள் தோட்டங்கள் மேல் இறங்கியது. வேனில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கீரைப்பாத்தி மேல் மிளகைத் தூளாக்கித் தூவியது போல இருந்தது. பார்த்துவிட்டு உள்ளே போய் வேலையைப் பார்த்தேன். கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று பாய்லர் பார்க்கிற பாண்டி சொன்னதை நம்புவது எனக்கும் வசதியாக இருந்தது.

ஒரு நாள் காலையில் வேன் ஆலை கேட்டுக்குப் போகவே முடியவில்லை. விறகு லாரிக்கு முன்னால் சனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி உள்ளேயிருந்து போலீசுக்குப் போன் போடச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் இறங்கினேன். பஞ்சவர்ணம் எழுந்து வந்தாள். கையில் ஒரு கட்டு அரைக்கீரை. அதை என் கையில் வைத்து, "தேச்சுப் பாருங்கக்கா" என்றாள். தேய்த்தேன். விரல் கறுத்தது.

"மார்க்கெட்டுல ஒருத்தன் தொடமாட்டேங்கிறான். கழுவிக் கொண்டாங்கிறான். கழுவலாம்தான். தண்ணி எங்கக்கா இருக்கு? எங்க கிணத்துல ஊத்து நின்னு போச்சு. உங்க போரு எம்புட்டு ஆழத்துல கெடக்குன்னு உங்களுக்கே தெரியும்."

"தண்ணிய வெளிய விடுறத நிறுத்திட்டோம்ல, பஞ்சவர்ணம்" என்றேன்.

"நிறுத்துனீங்க. நாங்களும் சரின்னோம். இப்ப அதையே எரிச்சுப் புகையா விடுறீங்க. எங்க மேல விழுகாம எதையாச்சும் உங்களால செய்ய முடியுமா, முடியாதா? அத மட்டும் சொல்லுங்க."

கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். தெரிந்துகொள்வதற்காகக் கேட்கிற மாதிரி கேட்டாள். நான் முதலாளியிடம் போய்ப் போலீஸ் வேண்டாம் என்றேன். கொஞ்ச நாளைக்குப் பாய்லரைக் குறைத்து ஓட்டுகிறோம் என்று அவரே வெளியே வந்து சொல்ல, கூட்டம் எழுந்துபோனது. அவர் லேபுக்கு வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "நாம என்னம்மா தப்பு பண்ணோம்? கேட்டதத்தான செஞ்சோம்? தண்ணி வரக்கூடாதுன்னாங்க, வரல. இப்ப புகை வரக்கூடாதுன்னா துணிய வெயில்ல போட்டா நீலமாயிருமா?" என்றார். அன்றிலிருந்து எனக்கு ஒரு விஷயம் பிடிபட ஆரம்பித்தது. தண்ணீரையும் விறகையும் நாங்கள் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டும் ஒரே கயிறு. ஒரு முனையை இழுத்தால் மறுமுனை வந்துவிடும். அலசல் குறைந்தால் அழுக்குத் தண்ணீர் குறையும், அது குறைந்தால் கொதிக்கவைக்க வேண்டியது குறையும், விறகு குறையும், போரில் இழுப்பதும் குறையும். அலசல் எதனால் கூடுகிறது என்று தேடிப்போனால் கடைசியில் அந்த நீலத்தில் போய் நிற்கிறது.

ஆகக்கூடியதை முதலில் செய்தோம். கடைசி அலசல் தண்ணீர் ஏறக்குறையச் சுத்தமாகத்தான் இருக்கும். அதைக் கொட்டாமல் அடுத்த துணியின் முதல் அலசலுக்கு எடுத்தோம். வெளியே போகிற சுடுநீர்க் குழாயைப் பச்சைத் தண்ணீர்க் குழாயோடு சேர்த்து ஓடவிட்டால் உள்ளே வருகிற தண்ணீர் பாதிச் சூட்டோடு வரும் என்று நானும் பாண்டியும் பேசி, பழைய குழாய்களை வைத்தே ஒன்றை அமைத்தோம். விறகு குறைந்தது. மற்ற கலர்களில் நன்றாகவே குறைந்தது. மயில் நீலத்தில் மட்டும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அப்போது லேபில் வேறொரு நீலம் போட்டுப் பார்த்தேன். வேறு சாயம். துணியில் நன்றாக ஏறியது. சீக்கிரம் அலசி முடிந்தது. ஆனால் பச்சை மினுக்கம் இல்லை. மயில் கழுத்து இல்லை. மழைக்கு முந்தைய வானம் மாதிரி ஒரு நீலம். இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். ஒன்றை மட்டும் பார்த்தால், எனக்கு அதுவும் பிடித்திருந்தது.

அந்தக் கம்பெனியின் சென்னை அலுவலகத்திலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை சோதனைக்கு வருகிறவர் ரகுநாதன். நாற்பது வயதிருக்கும், மரியாதையான மனிதர், வேலையில் கவனமானவர். அந்த வருஷமும் வந்தார். வாய்க்காலைப் பார்த்தார், பிளான்டைப் பார்த்தார், தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டார். "பிரமாதம் மேடம். எங்களுக்குத் துணி குடுக்கறவங்கள்ல நீங்கதான் ஃபர்ஸ்ட்" என்றார். அவர் கேட்க வேண்டிய கேள்விகளில் தண்ணீர் இருந்தது, விறகு இல்லை. முதலாளி முன்கூட்டியே என்னிடம் சொல்லியிருந்தார்: "சாப்பாடு போட்டு நல்லபடியா அனுப்பி விட்ருவோம்மா. நீங்க ஒண்ணும் பேச வேணாம்." நானும் பேசக்கூடாது என்றுதான் இருந்தேன். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வந்தவரிடம் எப்படி வந்ததோ தெரியவில்லை, "சார், பாய்லர் பக்கம் ஒரு எட்டு பாத்துட்டுப் போயிருங்களேன்" என்றேன். முதலாளியின் முகம் மாறிவிட்டது.

கூட்டிப்போனேன். விறகு மலையைக் காட்டினேன். எவாப்பரேட்டர் எதற்கு ஓடுகிறது, எந்தக் கலரால் இவ்வளவு ஓடுகிறது என்று சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கம் கீரைப்பாத்தியைக் காட்டினேன். நான் இரண்டு துண்டுகளையும் எடுத்துக் கொடுத்தேன்.

"இந்த நீலத்த எடுத்துக்கிட்டீங்கன்னா எங்களுக்குப் பாதி விறகு மிச்சம் சார். தண்ணியும் மிச்சம்."

"புரியுது மேடம். ஆனா கலர் எங்க கையில இல்ல."

"யார் கையில இருக்கு?"

"அங்க, வெளிநாட்டுல டிசைன் டீம் இருக்கு. ஒவ்வொரு சீசனுக்கும் அவங்கதான் ஃபிக்ஸ் பண்ணுவாங்க. அவங்களுக்கு இது எப்படி அலசறாங்கன்னெல்லாம் தெரியாது."

"தெரியாதுன்னா சொல்லலாம்ல?"

அவர் சிரிக்கவில்லை. இரண்டு துண்டுகளையும் மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டார். "சொல்றேன். என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது" என்றார்.

அவர் கார் போனதும் முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "இருநூறு முந்நூறு பேரு சோறு திங்கிற எடம்மா இது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு வந்த வாரங்கள் எப்படிப் போயின என்று உனக்குத் தெரிந்திருக்காது. நீ டியூஷனுக்குப் போய்க்கொண்டிருந்தாய். கலரைப் பற்றி முடிவாகட்டும் என்று கம்பெனிக்காரர்கள் அடுத்த ஆர்டரை நிறுத்திவைத்துவிட்டார்கள். மெஷின்கள் சும்மா நின்றன. ஆட்களுக்கு முறை போட்டு வேலை கொடுத்தார்கள். கேன்டீனில் நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும். பாண்டி ஒருநாள் லேப் வாசலில் வந்து நின்றான். "அக்கா, நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க. நா இல்லைங்கல. ஆனா எங்க வீட்ல ஒல கொதிக்கணும்ல? எனக்கு பாய்லர் எரிஞ்சாத்தான் அடுப்பு எரியும்" என்றான். அன்று ராத்திரி அப்பா கேட்டார், ஏன் சாப்பிடவில்லை என்று. பித்தம் என்றேன்.

கடைசியில் தகவல் வந்தது. துண்டுகளுக்கு நான் கொடுத்த நீலத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஆலையில் அன்று என்னை யாரும் தோளில் தூக்கிவைத்துக் கொண்டாடவில்லை. எல்லாரும் அவரவர் மெஷினுக்கு ஓடினார்கள், அது போதும். முதலாளி திரும்பவும் "என்னம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார். விறகு லாரிகள் குறைந்தன. இரண்டாவது பாய்லரை நிறுத்திவிட்டு மூடிவைத்தார்கள். அடுத்த ஐப்பசியில் மழையும் பிடித்துக்கொண்டது. பஞ்சவர்ணத்தின் கிணற்றில் தண்ணீர் ஊறியது. அவள் ஒரு நாள் கேட்டில் கீரைக்கட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள், காசு வாங்கவில்லை. அன்று நம் வீட்டில் கீரைக்கடைசல். நீ வேண்டாம் என்று தள்ளிவைத்தாய். நான் உன்னைத் திட்டினேன். எதற்கு அவ்வளவு கோபம் என்று நீ விழித்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

இத்தோடு முடிந்திருந்தால் உனக்கு இந்தக் கதையை அன்றே சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன். நன்றி சொல்லலாம் என்று ரகுநாதனுக்குப் போன் செய்தேன். அவர் குரலிலும் மகிழ்ச்சி. "மேலங்கிக்கு மட்டும் பழைய கலரே வேணும்னுட்டாங்க மேடம். நீங்க கவலைப்படாதீங்க. அதுக்கு வேற ஊர்ல ஒரு சப்ளையர் புடிச்சாச்சு. உங்க தலையில வராது" என்றார். நல்ல செய்தி சொல்கிற மாதிரி சொன்னார். அவர் மனதில் அது நல்ல செய்திதான். "அங்க எவாப்பரேட்டர் இருக்கா சார்?" என்று கேட்டேன். "அது வேற டீம் பாக்கறாங்க மேடம். எனக்குத் தெரியாது" என்றார். அந்த ஊரின் பெயரை மட்டும் சொன்னார். நான் இங்கே எழுதவில்லை. ஊர் மேல் தப்பில்லை.

அப்போது நான் என்ன செய்தேன் என்று கேட்பாய். ஒன்றும் செய்யவில்லை. எங்கள் புகைபோக்கியில் புகை குறைந்தது, என் கண்ணுக்கு முன்னால் கீரை பச்சையாக இருந்தது. மிச்சத்தை நினைக்காமல் இருக்க முடிந்தது. தண்ணீரை மட்டும் கேட்டார்கள், அது புகையாகப் போனது. புகையைக் காட்டிக் கேட்டேன், அது வேறு ஊருக்குப் போனது. எங்கே கேள்வி நிற்கிறதோ அந்த இடத்தைத் தாண்டித்தான் எல்லாம் போய்க் கொட்டுகிறது. வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது பேப்பரைத் திறந்தால் பூமி சூடாவதைப் பற்றி எழுதுகிறார்கள். அன்று மழை பொய்த்ததற்கும் எங்கள் புகைக்கும் நேராகக் கோடு போட நான் விஞ்ஞானி இல்லை. ஆனால் வானத்துக்குச் சமயநல்லூர்ப் புகை, இன்னொரு ஊர்ப் புகை என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். நீ "எங்க கணக்குல வராது" என்று சொன்னபோது, நீ வெளியே வைத்தது என்னையும் பாண்டியையும் மட்டும் இல்லை. அந்த ஊரையும்தான்.

வேலையை விட்டுவிட்டு வா என்று நான் சொல்லவில்லை. சேர்ந்த முதல் வாரத்திலேயே மேலதிகாரியோடு சண்டை போடு என்றும் சொல்லவில்லை. உனக்கும் மாதக் கடைசியில் வாடகை இருக்கிறது. ஆனால் ஒன்று. எல்லாவற்றையும் கணக்கில் சேர்க்கிறேன் என்று ஆலைக்காரர்களுக்குக் கேள்விகளை அனுப்பிவிட்டுக் கையைத் தட்டிக்கொள்ளாதே. கலர் உங்களுடையது, விலை உங்களுடையது, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்பதும் உங்களுடையது. புகை மட்டும் ஆலைக்காரனுடையது என்றால் அது நியாயமாக இல்லை. அலசலைக் குறைக்க அவன் செலவு செய்ய வேண்டுமானால் அதில் உங்களுக்கும் பங்கு உண்டு. நீ சேர்ந்திருக்கிற கம்பெனியில்தான் எங்கோ ஒரு மேஜையில் கலர் முடிவாகிறது. அந்த மேஜையை எட்ட உனக்கு வழி இருக்கிறது. எனக்கு ரகுநாதனின் பெட்டியில் இரண்டு துண்டு வைக்கத்தான் வழி இருந்தது.

இதை இவ்வளவு நேரம் எழுதிவிட்டு, சொல்ல வந்ததை இன்னும் சொல்லவில்லை. உன்னை வண்டி ஏற்றிவிட்ட மூன்றாம் நாள் லீவு போட்டுவிட்டு அந்த ஊருக்குப் போனேன். அப்பா, "இப்ப என்னத்துக்கு, எத்தன வருசமாச்சு" என்றார். சொல்லிவிட்டு அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் வெகுதூரம். விசாரித்து விசாரித்துச் சாயப்பட்டறைகள் இருக்கிற பக்கம் போனோம். பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால். அன்று ஓடியது மயில் நீலம் இல்லை, கருஞ்சிவப்பு. இந்த வருஷம் அந்தக் கலர் போலிருக்கிறது. அப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு மரத்தடியில் நின்றுவிட்டார். நான் கரையில் இறங்கிக் குனிந்து கையை நனைத்தேன். சூடாக இருந்தது, பிரபு. அந்தச் சூட்டைக்கூட எடுத்துக்கொள்ளாமல் அப்படியே விட்டிருந்தார்கள்.

கரைமேல் ஒரு பெண் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள், "யாரும்மா வேணும்? யாரத் தேடி வந்தீங்க?" என்றாள்.

நான் எழுந்து கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன். "மதுரைப் பக்கம் ஒரு ஆலையில சாயம் பாக்குறேம்மா. எங்க ஊருல வேணாம்னு சொன்ன கலர் ஒண்ணு இங்க வந்துச்சு, ரொம்ப வருசத்துக்கு முன்னால. பாக்கணும்னு தோணுச்சு, வந்தேன்" என்றேன்.

அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. வாய்க்காலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அதான் பாத்துட்டீங்களே. பாத்தவங்க இனிமே என்ன பண்ணப் போறீங்க?" என்றாள்.

"என் மகன்..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் போகவில்லை. உன்னைக் கேட்காமல் உன் பெயரில் வாக்குக் கொடுக்க எனக்கு உரிமை கிடையாது. மாடு இழுத்தது, அவள் போய்விட்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா என் தோளில் சாய்ந்து தூங்கினார். எனக்குக் கண் மூடவில்லை. அந்த ஊருக்கு இன்னொரு தடவை போகத்தான் போகிறேன். அவளிடம் நான் என்ன சொல்லட்டும், அதை மட்டும் நீ எழுது.

உன் அம்மா